கணக்கு கேட்டவருக்கே முதல் பதில்

பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் நண்பர்களும் ஐந்து வருடமாக மீனவப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார்கள். யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல் போனால் மதுரைக்குக் கொண்டுபோக வண்டிச் செலவும் கொடுக்கிறார்கள். போன மாதம் ஊர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. "நம்ம பிள்ளைங்க போட்டோவைக் காட்டி வெளிநாட்டுல காசு வாங்குறாங்க, கணக்கு எங்க?" என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்கிறார். போலீசில் புகார் கொடுக்கலாம் என்று இந்த நண்பர்களின் சங்கத்தில் சிலரும், கண்டுகொள்ளாமல் விடலாம் என்று சிலரும் சொல்கிறார்களாம். பத்திரிகைக்காரர்களைத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொருவர் யோசனை. இதில் எது சரி என்று கேட்கிறார்.

தம்பி, ராப்பகலாக உழைத்தவர்களைத் திருடன் மாதிரி பேசினால் கோபம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் எந்த ஊரில் வேலை செய்கிறீர்கள் என்று கொஞ்சம் பாருங்கள். ஏலக் கரையில் ஒரு கூடை மீன் என்ன விலைக்குப் போனது என்பதை எல்லார் காதிலும் விழும்படி கூவுகிறார்கள். திருவிழா வசூலுக்கு வரவு செலவு வாசிக்கிறார்கள். அப்படிப் பழகிய ஊரில், தங்கள் பிள்ளைகள் பெயரால் வருகிற பணம் மட்டும் யார் கண்ணிலும் படாமல் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் கிடந்தால் கேட்கத்தான் செய்வார்கள். வெளியூர்க்காரர் வந்து அரிசி மூட்டை கொடுத்துவிட்டுப் போனால் அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. உங்களிடம் கேட்கிறார்கள் என்றால் உங்களை ஊர் ஆளாக நினைக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை நான்கு முறை கேட்டேன். அதில் மூன்று விஷயம் இருக்கிறது: பிள்ளைகளின் படம், வெளிநாட்டுப் பணம், கணக்கு. மூன்றையும் சேர்த்து "வதந்தி" என்று ஒரே வார்த்தையில் மறுத்தால், அதில் ஒன்று உண்மையாக இருந்தாலும் நீங்கள் பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள். தனித்தனியாகப் பிரித்து, எது உண்மை, எது பாதி உண்மை, எது பொய் என்று முதலில் உங்களுக்குள் உட்கார்ந்து பேசுங்கள்.

படத்தைப் பற்றிச் சொன்னது உண்மைதான். உங்கள் நன்கொடைக் கடிதத்தைப் பார்த்தேன். பரட்டைத் தலையோடு ஒரு சிறுவன், கீழே "தந்தையைக் கடலில் பறிகொடுத்தவன்" என்று ஒரு வரி. சென்னையில் அந்தக் கடிதத்தைப் படிப்பவருக்கு அவன் யாரோ ஒரு பிள்ளை. உங்கள் ஊரில் அவன் யார், அம்மா யார், எந்தப் படகில் அப்பா போனார் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதே தப்பை நாங்களும் செய்தோம். சுனாமிக்குப் பிறகு எல்லாரும் உற்சாகமாக வேலை செய்த காலம். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி, நாங்கள் கொடுத்த புத்தகப் பையோடு நிற்கிற படத்தைக் காலண்டரில் அச்சடித்துவிட்டோம். பார்க்க அழகான படம். அது கடைகளில் தொங்கியது, அவள் படிக்கிற பள்ளியிலும் தொங்கியது. கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளை "காலண்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் எங்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய அம்மா பாசி எடுக்கப் போகிறவர். ஒருநாள் கடலில் இருந்து நேராக, ஈரச் சேலையோடு வந்து நின்றார். "பை கொடுத்தீங்க தம்பி, சந்தோசம். அதுக்காக எம்புள்ளைய ஊரெல்லாம் தொங்க விடணுமா?" என்றார். நான் சொன்ன பதில், "நல்லதுக்குத்தானேக்கா." அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். கையில் மீதி இருந்த காலண்டர்களைக் கொடுப்பதை நிறுத்தினோம். கடைகளில் இருந்ததைப் போய்ப் போய்த் திரும்ப வாங்கினோம், எல்லாம் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை திரும்ப வர நான்கு மாதம் ஆனது.

அதனால் படம் விஷயத்தில் விளக்கம் எதுவும் எழுதாதீர்கள். இன்றைக்கே அந்தக் கடிதத்தை நிறுத்துங்கள். அந்தச் சிறுவனின் அம்மாவை வீட்டில் போய்ப் பார்த்து, செய்தது தப்பு என்று சொல்லுங்கள். கூட்டத்தில் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும். சட்டமும் இதில் இருக்கிறது. 2015-ம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வகையில் வரமாட்டார்கள். ஆனால் பெற்றோர் இல்லாத பிள்ளை, கவனிக்க ஆள் இல்லாத பிள்ளை வரலாம். நன்கொடை கேட்கப் படம் வேண்டுமென்றால் வகுப்பு நடக்கிற கொட்டகையைப் போடுங்கள், பிள்ளைகள் எழுதிய நோட்டைப் போடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் பாதி உண்மை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள்தான் அனுப்புகிறார்கள் என்றீர்கள். இதில் பலருக்கும் குழப்பம் உண்டு. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்கிறவர் தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். அனுப்பியவர்கள் ஒவ்வொருவரும் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். யாராவது அந்த இரண்டாவது வகையில் இருந்தால், ஊருக்குப் பதில் சொல்வதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

கணக்குக்கு வருவோம். உங்களிடம் கணக்கு இருக்கிறது, தணிக்கையும் ஆகியிருக்கிறது என்கிறீர்கள். ஆனால் அது ஆங்கிலத்தில், ஆடிட்டர் அலுவலக அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒரு தாள் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, கையில் இருப்பது எவ்வளவு. மதுரைக்கு எத்தனை தடவை வண்டி போனது, ஒரு தடவைக்கு என்ன ஆனது என்று போடுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். வகுப்பெடுக்கிற இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பதை இதுவரை வெளியில் சொல்லவில்லை என்றீர்களே, அதைத்தான் முதல் வரியாகப் போட வேண்டும். தர்ம காரியத்தில் சம்பளம் என்றால் ஊரில் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தினமும் மூன்று மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருகிற பட்டதாரிப் பெண்ணுக்கு மாதம் ஒரு தொகை கொடுப்பதில் என்ன வெட்கம்? மறைத்து வைத்து, பிறகு இன்னொருவர் கண்டுபிடித்துச் சொன்னால்தான் அது திருட்டு மாதிரித் தெரியும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமே நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. 2020-ல் திருத்தம் வரும்வரை அது 50 சதவீதமாக இருந்தது.

அப்புறம், யாருக்கு முதலில் பதில் சொல்வது. குரல் பதிவு வந்ததும் நீங்கள் செய்த முதல் வேலை, நன்கொடை கொடுப்பவர்களுக்கு "தவறான தகவலை நம்ப வேண்டாம்" என்று கடிதம் அனுப்பியது. கேட்டவரோ தெருக்கோடியில் இருக்கிறார், அவரிடம் இன்னும் யாரும் பேசவில்லை. இது உங்கள் தப்பு மட்டும் இல்லை, இந்த வேலையில் இருக்கிற எல்லாரும் பணம் கொடுக்கிறவர் பக்கமே திரும்பி நிற்கிறோம். 2004 சுனாமியில் இலங்கை குறுக்கே நின்று அலையை மறைத்ததால் நம் மாவட்டத்தில் இழப்பு குறைவு. நாகப்பட்டினத்துக்கு லாரியில் சாமான் ஏற்றிப் போனவர்களில் நானும் ஒருவன். அங்கே சாலையோரம் பழந்துணி மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. இல்லாத நேரத்திலும் இவ்வளவு திமிரா என்று லாரியில் வந்த சிலர் பேசினார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கிளம்புவதற்கு முன் எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. துணி கொடுத்தவர்களுக்கு மட்டும் ஊர் திரும்பியதும் நன்றிக் கடிதம் போட்டோம்.

உலகப் பெரிய அமைப்புகளும் இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியில் வேலை செய்த ஆக்ஸ்ஃபாம் என்ற பிரிட்டன் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் பணம் கொடுத்துப் பெண்களைப் பயன்படுத்தினார்கள். 2011-லேயே அந்த அமைப்பு உள்விசாரணை நடத்தி, சிலரை நீக்கி, சிலரை ராஜினாமா செய்ய விட்டது. என்ன நடந்தது என்பதை மட்டும் வெளியில் முழுதாகச் சொல்லவில்லை. 2018 பிப்ரவரியில் லண்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்டதும், செய்த தப்புக்கு மிஞ்சிய தாக்குதல் இது என்கிற தொனியில் தலைமை நிர்வாகி பேட்டி கொடுத்தார். பிறகு அந்தப் பேச்சுக்காகவும் நாடாளுமன்றக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. சில நாட்களுக்குள் மாதந்தோறும் பணம் கொடுத்துவந்த சுமார் 7,000 பேர் விலகிவிட்டார்கள். ஏழு வருடம் முன்பே தாங்களாகச் சொல்லியிருந்தால் வலித்திருக்கும், ஆனால் மறைத்தார்கள் என்ற பழி சேர்ந்திருக்காது.

உங்கள் பையன்கள் இரண்டு பேர் வேறு நம்பரில் இருந்து, ஊர்க்காரர் மாதிரி, "ரொம்ப நல்ல சங்கம்" என்று பதில் போட்டதாகச் சொன்னீர்கள். அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. அமெரிக்காவில் கிவ்வெல் என்று ஓர் அமைப்பு, எந்தத் தொண்டு நிறுவனம் கொடுக்கிற பணத்துக்கு அதிகம் பயன் தருகிறது என்று ஆராய்ந்து சொல்வதுதான் அவர்கள் வேலை. 2007 கடைசியில், தொடங்கிய வருடமே, அதன் நிறுவனர்கள் தாங்கள் யார் என்று சொல்லாமல் இணையத்தில் தங்கள் அமைப்பைப் பற்றியே புகழ்ந்து எழுதி மாட்டிக்கொண்டார்கள். நிர்வாகக் குழு அவர்களைத் தண்டித்தது. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: தங்கள் தப்புகளை எல்லாம் வரிசையாக எழுதி எல்லாரும் பார்க்க வைத்தார்கள், இந்தச் சம்பவம் உட்பட. உங்கள் பையன்களையும் அதே குழுவில், சொந்தப் பெயரில், அதை எழுதியது நாங்கள்தான் என்று சொல்லச் சொல்லுங்கள்.

விமர்சனத்தை எப்படி வாங்கிக்கொள்வது என்பதற்கு ஓர் உதாரணம் நம் பள்ளிகள் வரைக்கும் வந்திருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்களே, அதற்கு உலக அளவில் பேர் வாங்கிக் கொடுத்த ஆய்வுகளில் ஒன்று கென்யாவில் எட்வர்ட் மிகெலும் மைக்கேல் கிரெமரும் செய்தது, 2004-ல் வெளிவந்தது. அதை மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கிறோம் என்று வேறு ஆய்வாளர்கள் கேட்டபோது, இருவரும் தங்கள் தரவு முழுவதையும் கொடுத்தார்கள். 2015-ல் கணக்கில் பிழைகள் வெளிவந்தன. பிழை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள், எந்த முடிவு இன்னும் நிற்கிறது என்பதற்கு வாதாடவும் செய்தார்கள். சண்டை சூடாகத்தான் நடந்தது. ஆனால் கேட்டவரை யாரும் விரோதி என்று ஒதுக்கவில்லை. கிரெமருக்கு 2019-ல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு, பாசி எடுக்கிற பெண்கள் பவளப்பாறையை அழிப்பவர்கள் என்ற பேச்சு வந்தது. அவர்கள் பிழைப்பே அந்தத் தீவோரம்தான். உங்கள் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் வெறுமனே மறுத்துக்கொண்டிருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். குற்றச்சாட்டில் நியாயம் இருந்த பகுதியைத் தொழிலில் மாற்றினார்கள், இல்லாத பகுதிக்காக அதிகாரிகளிடம் போராடினார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தை ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்தார். நீங்கள் ஆலோசனைக்கு ஆள் தேடுவதாக இருந்தால், பாலத்தைத் தாண்டக்கூட வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் பயம் தருவது வராத புகார்தான். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பும் அந்த வழியாக எத்தனையோ பேர் போய் வந்தோம், நானும் போயிருக்கிறேன். சங்கிலிச் சத்தம் வெளியில் கேட்கும். உள்ளே இருப்பவர் சொல்வதைப் புகார் என்று எடுத்துக்கொள்ள எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் வகுப்பை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் உங்களிடம் உதவி வாங்குகிறவர் உங்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார். அடுத்த தடவை வண்டிக்குக் காசு வேண்டியிருக்குமே. அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது, உங்கள் சங்கத்தில் இல்லாத ஒருவரை, பக்கத்து ஊர் ஆசிரியை மாதிரி ஒருவரை, வீடு வீடாகப் போய்ப் பேசச் சொல்லுங்கள். யார் என்ன சொன்னார் என்ற பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

யாரிடம் பணம் வாங்குகிறீர்கள் என்ற கேள்வியும் ஒருநாள் வரும், அதற்கும் தயாராக இருங்கள். நம் கரையில் கடல் அட்டை பிடிப்பதும் விற்பதும் 2001-ல் இருந்து வன உயிரினச் சட்டப்படி குற்றம். கடத்தல் இன்னும் நடக்கிறது, அதில் பணமும் புரளுகிறது. அப்படிப்பட்டவர் ஒரு லட்சம் கொடுத்துப் பெயர்ப்பலகை வைக்கச் சொன்னால் வாங்காதீர்கள். அவர் மாட்டுகிற அன்றைக்கு உங்கள் பலகையும் செய்தியில் வரும். 2022 நவம்பரில் கிரிப்டோ வியாபாரி சாம் பேங்க்மேன்-ஃபிரைடின் நிறுவனம் கவிழ்ந்தபோது, அவரைத் தங்கள் முகமாகக் காட்டிய கொடையாளர் இயக்கம் முழுவதும் தலைகுனிந்தது. அவர் மோசடியில் பங்கில்லாத ஆயிரக்கணக்கான நல்ல மனிதர்களும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, குரல் பதிவு போட்டவருக்கு உள்நோக்கம் இருந்தால்? அவர் வட்டிக்கு விடுகிறவர், நீங்கள் வண்டிச் செலவு கொடுப்பதால் அவர் தொழில் பாதிக்கிறது என்றீர்கள். இருக்கலாம். ஊர்க்கூட்டத்தில் அதைப் பேசாதீர்கள். அவர் வட்டிக்கு விடுவது எல்லாருக்கும் தெரியும், உங்கள் கணக்குதான் யாருக்கும் தெரியாது. மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சும் ஓரமாக ஓடுகிறது என்றீர்கள். சர்ச் மண்டபத்தில் வகுப்பு நடப்பது வாடகை இல்லாததால் என்று சொல்லுங்கள். எந்த நாளும் எந்தப் பெற்றோரும் வந்து பின்னால் உட்காரலாம் என்று சொல்லி, கதவைத் திறந்தே வையுங்கள். முஸ்லிம் தெருவிலும் ஒரு வகுப்பு நடத்த ஜமாஅத்தில் கேட்டுப் பாருங்கள்.

போலீஸ் புகார் வேண்டாம். கணக்குக் கேட்டவரை ஸ்டேஷனுக்கு இழுத்த சங்கம் என்ற பெயர் வந்தால் பத்து வருடத்துக்குப் போகாது. யாராவது உங்கள் ஆசிரியையைத் தனிப்பட்ட முறையில் ஆபாசமாகப் பேசினாலோ மிரட்டினாலோ அது வேறு, அன்றைக்கே போங்கள். பத்திரிகைக்கு ஆள் வைக்கிற சம்பளத்தில் இன்னொரு ஆசிரியையை வைக்கலாம். நிருபர் கேட்டால் சுவரில் ஒட்டிய அதே தாளைக் கொடுங்கள். உங்களில் யார் பேசுவது என்று மட்டும் முன்கூட்டி முடிவு செய்யுங்கள், தெருவில் நிறுத்திக் கேட்கப்படுவது வகுப்பெடுக்கிற அந்தப் பெண்தான் என்பதால் அவருக்கு எல்லா விவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டத்தை விசைப்படகு கடலுக்குப் போகாத நாளில், பெண்கள் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பிறகு சாயங்காலம் வையுங்கள். ஆண்கள் மட்டும் வந்தால் பாதி ஊர் வராத மாதிரி. குரல் பதிவு போட்டவரை முந்தின நாளே வீட்டில் போய் அழையுங்கள், நீங்களே போங்கள். படம் விஷயத்தில் தப்பு நடந்ததை முதலில் சொல்லிவிட்டுக் கணக்கை வாசியுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியவில்லை, இந்தத் தேதிக்குள் சொல்கிறோம் என்று தேதியோடு சொல்லி, அந்தத் தேதியில் சொல்லுங்கள். அதற்கு முன் ஐந்து வருட நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். தமிழில் ஒரு தாளுக்குள் எழுத நான் கூட இருக்கிறேன்.